மனைவியின் மூக்கு கண்ட நோய்

ஸ்காட்லாந்தில் பெர்த் என்று ஓர் ஊர். அந்த ஊரைச் சேர்ந்தவர் ஜாய் மில்ன். நர்சு வேலை பார்த்தவர். அவருடைய கணவர் லெஸ் மில்ன். அவர் டாக்டர். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே இருவருக்கும் பழக்கம். பிறகு கல்யாணம் செய்துகொண்டார்கள்.

கணவருக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. ஒரு நாள் அவர் உடம்பில் புதிதாக ஒரு வாடை வீசுவதை ஜாய் கவனித்தார். ஏதோ புளித்தது போன்ற வாடை.

கணவர் சரியாகக் குளிப்பதில்லை என்று அவர் நினைத்தார். நன்றாகத் தேய்த்துக் குளிக்கும்படி நச்சரித்தார். கணவருக்குக் கோபம் வந்தது. மறுபடியும் குளித்தார். வாடை போகவில்லை.

வருடங்கள் ஓடின. கணவருடைய குணமும் மாறியது. சாதுவான மனிதருக்கு எரிச்சல் வர ஆரம்பித்தது. 45-வது வயதில் அவரைச் சோதித்த டாக்டர்கள், "இது பார்க்கின்சன் நோய்" என்று சொன்னார்கள்.

நம் ஊரில் உதறுவாதம் என்றும், நடுக்குவாதம் என்றும் சொல்கிறார்களே, அதுதான்.

டாக்டர்கள் கண்டுபிடித்த அந்த நோயை, மனைவியின் மூக்கு சுமார் 12 வருடங்களுக்கு முன்பே கண்டிருந்தது!

பனியன் சோதனை

அப்போது அது ஜாய்க்கும் தெரியாது. பல வருடங்கள் கழித்து, பார்க்கின்சன் நோயாளிகள் கூடும் ஒரு கூட்டத்துக்குக் கணவனும் மனைவியும் போனார்கள். அறைக்குள் நுழைந்ததும் ஜாய் திடுக்கிட்டார். அங்கே இருந்த நோயாளிகளிடம் அதே வாடை!

2012-ம் ஆண்டில், எடின்பரோ நகரில் டிலோ குனத் என்ற விஞ்ஞானி இந்த நோயைப் பற்றிப் பேசினார். பேச்சு முடிந்ததும் ஜாய் எழுந்தார். இந்த நோயாளிகளிடம் ஒரு தனி வாடை வருகிறதே, அதைப் பற்றி ஏன் யாரும் ஆராயவில்லை என்று கேட்டார்.

விஞ்ஞானிக்கு ஒன்றும் விளங்கவில்லை. இந்த நோய் வந்தவர்களுக்கு மோப்ப சக்தி குறையும் என்பது அவருக்குத் தெரியும். நோயாளியிடம் இருந்தே வாடை வரும் என்பது அவர் கேள்விப்படாத சங்கதி. அப்போதைக்கு விட்டுவிட்டார். பிறகு மனம் கேட்கவில்லை. கேள்வி கேட்ட அந்த அம்மாளைத் தேடிப் பிடித்தார்.

ஒரு சோதனை நடந்தது. 12 பேருக்குப் பனியன் கொடுத்து உடுத்தச் சொன்னார்கள். ஆறு பேர் நோயாளிகள். ஆறு பேர் நோய் இல்லாதவர்கள். அவர்கள் கழற்றிக் கொடுத்த பனியன்களை ஜாய் ஒவ்வொன்றாக முகர்ந்தார். யாருடைய பனியன் எது என்பது அவருக்குத் தெரியாது.

ஆறு நோயாளிகளையும் சரியாகச் சொல்லிவிட்டார். ஆனால் நோய் இல்லாத ஒருவருடைய பனியனையும் எடுத்து, இவருக்கும் உண்டு என்றார். பன்னிரண்டில் ஒன்று தவறு என்று விஞ்ஞானிகள் எழுதிக்கொண்டார்கள்.

சுமார் எட்டு மாதம் கழிந்தது. அந்த ஒருவரே விஞ்ஞானியிடம் வந்தார். தனக்குப் பார்க்கின்சன் நோய் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டதாகத் தெரிவித்தார்!

லெஸ் மில்ன் 2015-ல் இறந்துவிட்டார். ஆராய்ச்சி நிற்கவில்லை. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பெர்டிட்டா பாரன் என்ற பெண் விஞ்ஞானி அதை நடத்தினார். வாடைக்குக் காரணம் வியர்வை அல்ல, முதுகின் மேல்பாகத்தில் ஊறும் எண்ணெய்ப் பசை என்று தெரிந்தது. அந்தப் பசையைப் பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுத்து, இயந்திரத்தைக் கொண்டு நோயை அறியப் பார்க்கிறார்கள். எல்லா ஆஸ்பத்திரிக்கும் வருகிற அளவுக்கு அது இன்னும் முற்றவில்லை.

ஜாய் மில்னுக்கு இருக்கும் மூக்கு எல்லோருக்கும் கிடையாது. ஆனால், கூடவே இருந்து பார்க்கிற கண் எல்லா வீட்டிலும் உண்டு. அந்தக் கண்ணைத்தான் பல வீடுகளில் மூடி வைத்திருக்கிறார்கள்.

"வயசு ஆயிற்று"

தாத்தாவின் கை ஆடுகிறது. "வயசு ஆயிற்று" என்கிறார்கள். தாத்தா மெதுவாக நடக்கிறார். "வயசு ஆயிற்று." தாத்தா பேசுவது காதில் விழவில்லை. "வயசு ஆயிற்று." இந்த ஒரே பதிலால் எத்தனை வருடங்கள் வீணாகப் போகின்றன!

வயது ஆகிற எல்லோருக்கும் இப்படிக் கை ஆடுவது இல்லை. பார்க்கின்சன் நோயில் பெரும்பாலும் நடுக்கம் முதலில் ஒரு பக்கத்தில் மட்டும் வருகிறது. கையைச் சும்மா மடியில் வைத்திருக்கும்போது ஆடுகிறது. ஒரு பொருளை எடுக்கப் போனால் குறைகிறது. சிலருக்கு நடுக்கமே வருவதில்லை. உடம்பு இறுகி, வேகம் மட்டும் குறைந்துபோகிறது. அவர்களைத்தான் "சோம்பேறி ஆகிவிட்டார்" என்று வீட்டில் திட்டுகிறார்கள்.

முகத்தில் உள்ள தசைகளும் இறுகுகின்றன. சிரிப்பு வந்தாலும் முகத்தில் தெரிவது இல்லை. பேரன் மதிப்பெண் பட்டியலைக் கொண்டுவந்து காட்டுகிறான். தாத்தாவுக்கு மனம் நிறைய சந்தோஷம். ஆனால் முகம் கல் மாதிரி இருக்கிறது. "தாத்தாவுக்கு என் மேல் கோபம்" என்று பையன் போய்விடுகிறான். நடுக்கத்தை விட இது கொடுமை அல்லவா?

கையெழுத்து வரவரச் சிறுத்துப் போகிறது. பாங்கியில் கையெழுத்து ஒத்துவரவில்லை என்று பணம் தர மறுக்கிறார்கள். நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாமல் தொங்குகிறது. ரசம் கொதிக்கும் வாசனை அம்மாவுக்குத் தெரியவில்லை. தூக்கத்தில் சத்தம் போட்டுக் கையைக் காலை உதறுகிறார். வருடக்கணக்கில் மலச்சிக்கல். கடைசியில் சொன்ன மூன்றும், நடுக்கம் வருவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே சிலரிடம் தோன்றுகின்றன.

மலச்சிக்கல் உள்ளவர்கள் எல்லோரும் இதைப் படித்துவிட்டுப் பயப்பட வேண்டாம். இவற்றில் ஏதாவது ஒன்று மட்டும் இருந்தால் அது இந்த நோய் ஆகிவிடாது. வேறு நூறு காரணம் இருக்கும். இரண்டு மூன்று சேர்ந்து வந்தால், நரம்பு டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது. ஒரு நடை நடக்கச் சொல்லி செல்போனில் படம் பிடித்துக்கொண்டு போனால் டாக்டருக்கு உதவியாக இருக்கும். ஏனென்றால், டாக்டர் அறையில் பத்து நிமிடம் நன்றாக நடந்துவிட்டு, வீட்டு வாசற்படியில் வந்து நின்றுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கண்ணால் பார்த்தே இந்த நோயைப் பிடித்தவர் ஜேம்ஸ் பார்க்கின்சன். லண்டன் டாக்டர். 1817-ல் ஒரு சிறு புத்தகம் எழுதினார். அதில் அவர் விவரித்தது ஆறே ஆறு பேரைத்தான். அந்த ஆறு பேரிலும் சிலர் தெருவில் போனவர்கள்! அவர்கள் நடையையும் நடுக்கத்தையும் உற்றுப் பார்த்து எழுதினார். பின்னால் வந்தவர்கள் நோய்க்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.

இது கிழவர்களுக்கு மட்டும் வருகிற நோயும் அல்ல. மைக்கேல் ஜே. பாக்ஸ் என்ற அமெரிக்க சினிமா நடிகருக்கு 29-வது வயதில் வந்தது. குத்துச்சண்டை வீரர் முகமது அலிக்கு 1984-ல் இந்த நோய் என்று சொன்னபோது அவருக்கு வயது 42. 1996-ல் அட்லாண்டா நகரில் ஒலிம்பிக் தீபத்தை ஏற்றியவர் அவர்தான். கை நடுங்க நடுங்க அவர் தீபம் ஏற்றியதை உலகமே பார்த்தது. 2019-ல் உலகத்தில் 85 லட்சம் பேருக்கு மேல் இந்த நோயோடு இருந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது.

முயல் எழுந்தது

மூளையின் நடுப்பாகத்தில், அடியில், கறுப்பாக ஒரு சிறிய இடம் இருக்கிறது. அங்கே உள்ள அணுக்கள் "டோபமின்" என்ற பொருளைச் செய்கின்றன. கை கால்களை ஒழுங்காக அசைப்பதற்கு அந்தப் பொருள் வேண்டும். பார்க்கின்சன் நோயில் அந்த அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகின்றன. ஏன் சாகின்றன என்பது இன்னும் முழுவதும் விளங்கவில்லை. வெளியே நடுக்கம் தெரியும்போது, உள்ளே பெரும்பகுதி போய்விட்டிருக்கும்.

இதைக் கண்டுபிடித்த கதையில் நம் நாட்டு மூலிகை ஒன்று வருகிறது. சர்ப்பகந்தி என்ற செடியின் வேரில் இருந்து "ரெசர்பின்" என்ற மருந்தை எடுத்தார்கள். ரத்தக் கொதிப்புக்கு அதைக் கொடுத்தார்கள். சுவீடன் நாட்டு விஞ்ஞானி அர்விட் கார்ல்சன் 1957-ல் அந்த மருந்தை முயல்களுக்கு ஊசி போட்டார். முயல்கள் காது தொங்கி, அசையாமல் கிடந்தன. பிறகு "டோபா" என்ற பொருளை ஊசி மூலம் ஏற்றினார். சிறிது நேரத்தில் முயல்கள் எழுந்து ஓடின!

1961-ல் ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் அதே மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். கார்ல்சனுக்கு 2000-ம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது.

"லெவோடோபா" என்ற அந்த மருந்துதான் இன்றைக்கும் முதல் மருந்து. வேறு மருந்துகள் உண்டு. மூளைக்குள் மெல்லிய கம்பி வைத்து மின்சாரம் செலுத்தும் ஆபரேஷனும் உண்டு. அது எல்லோருக்கும் ஏற்றது அல்ல, செலவும் அதிகம்.

பூனைக்காலி விதையிலும் இந்த டோபா இருக்கிறது. தாமோதரன், ராமசாமி என்ற இரண்டு இந்திய ஆராய்ச்சியாளர்கள் 1937-லேயே அந்த விதையில் இருந்து அதைப் பிரித்து எடுத்தார்கள். அதற்காகப் பூனைக்காலியைப் பொடி செய்து சாப்பிடப் போகக் கூடாது. ஒரு பிடியில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. மாத்திரையும் சாப்பிட்டுப் பொடியும் சாப்பிட்டால் விபரீதம்.

நோயை அடியோடு போக்கும் மருந்து இதுவரை வரவில்லை. மருந்து உடம்பை அசைய வைக்கிறது; உள்ளே அணுக்கள் சாவதை அது நிறுத்துவது இல்லை. ஆகவே, இந்த நோயோடு பத்து வருடம், இருபது வருடம் வாழ வேண்டியிருக்கிறது. அந்த வாழ்க்கையை எப்படி நடத்துவது? இந்தக் கேள்விக்கும் இப்போது ஆராய்ச்சி பதில் சொல்கிறது. அந்தப் பதில்கள் பல, வீட்டிலேயே பிறந்தவை.

தரையில் ஒரு படிக்கட்டு

புனாவைச் சேர்ந்த பெண் மிலேகா சொனேஜி. பெரிய குடும்பத்தைச் சேர்ந்தவர். நெதர்லாந்து நாட்டில், பொருள்களை வடிவமைக்கும் கலையைப் படித்தார். அவருடைய மாமா ஒருவருக்குப் பார்க்கின்சன் நோய். கலகலப்பாக இருந்த மனிதர் நாலு பேர் முன்னால் காப்பி குடிப்பதையே விட்டுவிட்டார். கை ஆடி, சிந்திவிடுமே என்ற வெட்கம்.

மிலேகா ஊருக்கு வந்தபோது மாமாவின் கூடவே இருந்து கவனித்தார். சமதரையில் மாமாவால் நடக்க முடியவில்லை. நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக நகர்ந்தார். ஆனால், அதே மாமா மாடிப்படியில் சரசரவென்று இறங்கினார்! இது என்ன வேடிக்கை?

மிலேகா ஒரு காரியம் செய்தார். மாடிப்படி மாதிரியே தெரிகிற ஒரு படத்தைத் தரையில் ஒட்டினார். மாமா அதன் மேல் நடந்தார். மற்றவர்களைப் போலவே நடந்தார்! படம் முடிந்த இடத்தில் கால் மறுபடியும் தரையோடு ஒட்டிக்கொண்டது.

இது மாயம் அல்ல. நாம் யோசிக்காமல் நடக்கிறோமே, அந்த நடையை நடத்தும் வழிதான் இந்த நோயில் கெட்டுப்போகிறது. கண்ணால் ஒரு கோட்டைப் பார்த்து அதைத் தாண்டும்போது, மூளை வேறு வழியைப் பயன்படுத்துகிறது. தரையில் குறுக்கே கோடு போட்டால் இந்த நோயாளிகளின் நடை தெளிகிறது என்று டாக்டர்கள் வெகு காலமாகவே பார்த்திருக்கிறார்கள். தாளத்துக்கு ஏற்ப நடப்பதும் சிலருக்கு உதவுகிறது.

இதற்கு வெளிநாட்டுச் சாமான் எதுவும் வேண்டாம். படுக்கை அறையில் இருந்து கக்கூசு வரைக்கும் ஓர் அடிக்கு ஒரு கோடாக வண்ண நாடாவை ஒட்டலாம். வாசற்படியில் கால் நின்றுவிட்டால், கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. இழுத்தால் விழுவார். "ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணலாம். அவர் காலுக்கு முன்னால் தன் காலைக் குறுக்கே வைத்து, "இதைத் தாண்டுங்க அப்பா" என்று சொல்லலாம். பல பேருக்குக் கால் பிய்த்துக்கொண்டு கிளம்பிவிடுகிறது.

மாமாவுக்காக மிலேகா ஒரு கோப்பையும் செய்தார். கை ஆடினாலும் காப்பி உள்பக்கமே திரும்பி விழும்படி அதன் விளிம்பை வளைத்தார். அது நோயாளிக் கோப்பை மாதிரி இருக்கக் கூடாது, யார் வேண்டுமானாலும் குடிக்கும் கோப்பை மாதிரி இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்தார். அந்தக் கவனத்தைத்தான் மிகவும் பாராட்ட வேண்டும்.

சைக்கிள் ஓட்டிய நோயாளி

நெதர்லாந்தில் நைமேகன் என்ற ஊரில் பாஸ் புளூம் என்ற நரம்பு டாக்டர் இருக்கிறார். அவரிடம் 58 வயது நோயாளி ஒருவர் வந்தார். பத்து வருட நோய். நாலு அடி வைத்தால் விழுந்துவிடுவார். அவர், தான் தினமும் சைக்கிள் ஓட்டுவதாகச் சொன்னார். டாக்டர் நம்பவில்லை. வெளியே அழைத்துப் போய் ஒரு சைக்கிளில் ஏற்றிவிட்டார். அந்த மனிதர் ஜோராக ஓட்டிப் போய், திரும்பி வந்தார்! இறங்கியதும் கால் நின்றுவிட்டது. 2010-ல் டாக்டர் இதை மருத்துவப் பத்திரிகையில் வெளியிட்டார்.

நோயாளி சொன்னதை "உளறுகிறார்" என்று தள்ளியிருந்தால் இது தெரிந்திருக்குமா?

அதே டாக்டரின் கூட்டம் 130 நோயாளிகளை வைத்து இன்னொரு சோதனை நடத்தியது. ஒரு பாதிப் பேர் வீட்டிலேயே, நகராத சைக்கிளை வாரத்தில் மூன்று நாளாவது அரை மணியும் அதற்கு மேலும் மிதித்தார்கள். மற்றவர்கள் கை கால்களை நீட்டி மடக்கும் லேசான பயிற்சி மட்டும் செய்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், லேசான பயிற்சி செய்தவர்களுக்கு நடமாட்டம் மோசமாகியிருந்தது. சைக்கிள் மிதித்தவர்கள் ஏறக்குறைய இருந்தபடியே இருந்தார்கள். 2019-ல் இந்த முடிவு வெளிவந்தது.

நம் வீடுகளில் நடப்பது இதற்கு நேர் எதிர். "நீங்க உட்காருங்க அப்பா, விழுந்துடுவீங்க" என்று நாற்காலியில் உட்கார வைத்துவிடுகிறார்கள். சட்டைப் பொத்தானை மகள் மாட்டுகிறாள். சோற்றை மருமகள் ஊட்டுகிறாள். எல்லாம் அன்பினால்தான். ஆனால் உட்கார்ந்த உடம்பு சீக்கிரம் இறுகுகிறது. அவர் பொத்தான் போட இருபது நிமிடம் ஆகிறதா? ஆகட்டும். கல்யாண வீட்டுக்கு அரை மணி முன்னால் கிளம்பினால் தீர்ந்தது!

இந்த நோயில் மனச்சோர்வும் சேர்ந்து வருகிறது. அதுவும் நோயின் பாகமே. டாக்டரிடம் அதையும் சொல்ல வேண்டும். இரவு முழுவதும் கூட விழித்து, புரண்டு படுக்க உதவி செய்யும் மனைவியையும் யாராவது கவனிக்க வேண்டும். வாரத்தில் இரண்டு இரவு மகனோ மகளோ முறை மாற்றிக்கொண்டால் என்ன?

மணி பார்த்து மாத்திரை

லெவோடோபா மாத்திரையின் வேலை சில மணி நேரத்துக்குத்தான். நோய் முற்ற முற்ற அந்த நேரம் குறைகிறது. மாத்திரை அரை மணி தாமதமானால் நடந்துகொண்டிருந்தவர் சிலையாக நின்றுவிடுகிறார். விழுங்கவும் முடிவது இல்லை. டாக்டர் சொல்லாமல் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம்.

மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் கொடுக்கச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. பருப்பு, முட்டை, பால், கறி இவற்றில் உள்ள புரதம், குடலில் இந்த மருந்தோடு போட்டி போடுகிறது. சோற்றில் பருப்பைப் பிசைந்து, நடுவே மாத்திரையையும் வைத்து ஊட்டினால், மருந்து மூளைக்குப் போய்ச் சேர நேரம் ஆகும். "மாத்திரை கேட்கவில்லை" என்று டாக்டர் மேல் குறை சொல்கிற சிலர் வீட்டில் நடப்பது இதுதான். சாப்பிடாமல் மாத்திரை போட்டால் குமட்டுகிறவர்களுக்கு இரண்டு பிஸ்கோத்து கொடுக்கலாம்.

இப்படி வீட்டில் மணி பார்த்துக் கொடுக்கிறார்கள். ஒரு நாள் விழுந்து இடுப்பு எலும்பு முறிகிறது. ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். அங்கே வார்டில் மாத்திரை கொடுக்கும் நேரம் வேறு. எல்லோருக்கும் கொடுக்கும்போதுதான் இவருக்கும். எலும்பு ஆபரேஷன் நன்றாக முடிந்திருக்கும். ஆனால் நடந்து வந்த மனிதர் கட்டையாகக் கிடப்பார். எலும்பு வார்டில் இருப்பவர்களுக்கு இந்த நோயின் கடிகாரம் தெரியாது. அது அவர்கள் குற்றம் அல்ல. சொல்ல ஓர் ஏற்பாடு இல்லை என்பதுதான் குற்றம். பிரிட்டனில் இந்த நோயாளிகளின் சங்கம், மாத்திரையை நேரத்துக்குக் கொடுங்கள் என்று ஆஸ்பத்திரிகளைக் கேட்டு ஓர் இயக்கமே நடத்தியிருக்கிறது.

இங்கேயும் அது வேண்டும். சேர்க்கும்போதே, "இவருக்குப் பார்க்கின்சன் நோய் உண்டா?" என்று ஆஸ்பத்திரியில் கேட்க வேண்டும். உண்டு என்றால், அவருடைய டாக்டர் குறித்துக் கொடுத்த மாத்திரை நேரத்தை, காலை 6, 10, பகல் 2, மாலை 6 என்று எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதி, கட்டிலின் தலைமாட்டில் ஒட்ட வேண்டும். வார்டு நேரத்தைப் பார்க்காமல் அந்தச் சீட்டைப் பார்த்து மாத்திரை கொடுக்க வேண்டும். சீட்டு எழுதும் இடத்தில் நோயாளியின் மனைவியோ மகளோ நிற்கட்டும். எத்தனை மணிக்குக் கை ஆடத் தொடங்குகிறது, எத்தனை மணிக்குக் கால் நிற்கிறது என்பது அவர்களுக்கு மனப்பாடம்.